முதியோர் மனநலம்: 14416 எதற்கு, 14567 எதற்கு?

பெரியப்பா போன பிறகு பெரியம்மா சொன்னதெல்லாம் உடம்பைப் பற்றித்தான். முழங்கால் குடைகிறது, வயிறு மந்தமாக இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. டிவி ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க மாட்டார். காபியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார், ஆடை கட்டிவிடும். பார்த்த டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எழுதினார், கடைசியில் "வயசானா இப்படித்தாம்மா" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஏழெட்டு மாதம் அப்படியே போனது. மனச்சோர்வாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்தான் ஒருநாள்கூட "மனசு சரியில்லை" என்று சொல்லவே இல்லையே.

வயதானவர்களுக்கு மனச்சோர்வு பல சமயம் இந்த வேஷத்தில்தான் வரும். அழுகை குறைவாக இருக்கும். வலி, பசியின்மை, தூக்கமின்மை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் என்று வரும். 2017-18இல் மத்திய அரசு நடத்திய 'லாசி' என்ற முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. தனக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லித் தெரிந்துவைத்திருந்தவர்களோ வெறும் 0.8 சதவீதம். மிச்சப் பேர் எங்கே? பெரியம்மா மாதிரி சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, அரசு தரப்பில் என்ன இருக்கிறது? இரண்டு போன் எண்கள், அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு, இரண்டு சட்டங்கள். எது எதற்கு என்று தெரியாததால் பெரும்பாலோர் எதையும் தொடுவதில்லை.

முதலில் 14416. 'டெலி மானஸ்' என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இதே எண்தான். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். பேச்சோடு தீராது, மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பட்டால், மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது உங்கள் மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவார். சாதாரண பட்டன் போன் போதும்.

பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை. பிள்ளையோ மருமகளோ கூப்பிட்டு, "எங்க மாமியார் மூணு மாசமா வாசலைத் தாண்டல, குளிக்கச் சொன்னா கோபப்படறாங்க, என்ன பண்ணட்டும்?" என்று கேட்கலாம். வயதானவர்கள் விஷயத்தில் இந்த வழியே சுலபம். முன்பின் தெரியாத ஒருவரிடம் போனில் மனதைத் திறக்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை. முதல் அழைப்பை நீங்கள் பேசுங்கள், அப்புறம் போனை அவர் கையில் கொடுங்கள்.

14567 வேறு. இது 'எல்டர் லைன்', 60 வயதைக் கடந்தவர்களுக்கென்றே உள்ள எண். மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது, 2021இல் நாடு முழுமைக்குமானது. காலை 8 முதல் இரவு 8 வரை. இங்கே மனக்குறையைக் கேட்டு ஆறுதல் சொல்வதும் உண்டு. அதோடு, பென்ஷன், சட்டம், முதியோர் இல்லம் பற்றிய விவரமும் சொல்வார்கள். வீட்டில் அடி, வசவு, பட்டினி என்றாலோ, ஒரு பெரியவர் பஸ் ஸ்டாண்டில் கேட்பாரற்றுக் கிடந்தாலோ, களப்பணியாளரை நேரில் அனுப்புவதும் இதன் வேலையில் சேர்ந்தது. நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: மனசு கனக்கிறது, தூக்கமில்லை, பயமாயிருக்கிறது என்றால் 14416. யாரோ படுத்துகிறார்கள், கைவிட்டுவிட்டார்கள், எந்த அலுவலகத்துக்குப் போவதென்று தெரியவில்லை என்றால் 14567. மாற்றிக் கூப்பிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

போன் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. காது சரியாகக் கேட்காதவர் போனில் எப்படி மனம்விட்டுப் பேசுவார்? உண்மையில் பல வீடுகளில் பெரியவர் ஒதுங்கிப்போவதற்கு முதல் காரணமே காதுதான். இரண்டு தரம் "என்ன?" என்று கேட்பார், மூன்றாம் தரம் கேட்கக் கூச்சப்பட்டுச் சிரித்துவைப்பார், பிறகு பேச்சு நடக்கும் இடத்துக்கே வர மாட்டார். 2017இல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா'வில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத முதியவர்களுக்குக் காது மிஷின், மூக்குக் கண்ணாடி, பல்செட், ஊன்றுகோல் இலவசம். முகாம் வைத்து அளவெடுத்துக் கொடுக்கிறார்கள். மனநலத்துக்கும் பல்செட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், பல் இல்லாமல் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இனி ஆஸ்பத்திரி. மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நடக்கிறது, தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவு இருக்கும். ஓபி சீட்டு வாங்கி "மனநலம்" என்று சொன்னால் போதும். ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் காசு இல்லை. இந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் முறைவைத்து வரும். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று முன்பே கேட்டுக்கொண்டால் அலைச்சல் மிச்சம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோருக்கென்றே உள்ள இடம், கூட்ட நெரிசலில் தள்ளாட வேண்டாம்.

போகும்போது பெரியவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிரஷர், சுகர், வலி மாத்திரைகளோடு சேரக்கூடாதவை உண்டு. தைராய்டு, பி12 குறைவும் இதே மாதிரி சோர்வைக் காட்டும், அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை போட்ட மறுநாளே குணம் தெரியாது. சில வாரம் பிடிக்கும். இங்கேதான் பல பேர் "ஒண்ணும் கேட்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். பழக்கமாகிவிடும் என்ற பயம் இன்னொன்று. மனச்சோர்வு மாத்திரை போதை மாதிரிப் பழகுவதல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரலாம். நிறுத்துவதென்றாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று மகனையே அடையாளம் தெரியாமல் உளறுகிறார், ராத்திரி எழுந்து எங்கோ போகப் பார்க்கிறார் என்றால், அது மனச்சோர்வும் இல்லை, மறதிநோயும் இல்லை. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச் சத்துக் குறைவு, மாத்திரைக் கோளாறு மாதிரி ஏதாவது இருக்கும். அதற்கு ஆலோசனை எண் உதவாது. 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"நான் போய்ட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்ற பேச்சை நம் வீடுகளில் புலம்பல் கணக்கில் தள்ளிவிடுகிறோம். தள்ளாதீர்கள். அப்படி நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் முளைத்துவிடாது. அவரைத் தனியே விடாமல், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு, 14416-ஐக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டார் என்றால் 108தான். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைத்துத் தாமதிக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115.

அதே சட்டத்தில் பெரியவர்களின் இன்னொரு பயத்துக்கும் பதில் இருக்கிறது. மனநல டாக்டர் என்றதும் "என்னைக் கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய்த் தள்ளப் போறீங்களா?" என்பார்கள். குடும்பம் ஏற்கவில்லை, இருக்க வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று பிரிவு 19 சொல்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது பிரிவு 18. உடல்நோய்க்கு இன்ஷூரன்ஸ் இருப்பதுபோல் மனநோய்க்கும் இருக்க வேண்டும் என்பது பிரிவு 21.

சில வீடுகளில் மனச்சோர்வுக்கு மாத்திரையைவிட சாப்பாட்டுத் தட்டில்தான் மருந்து இருக்கிறது. வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு திண்ணைக்குத் தள்ளிவிட்டால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம். மனு போட வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம், நாம் ஆர்டிஓ ஆபீஸ் என்று சொல்வது (வண்டி லைசென்ஸ் எடுக்கும் ஆர்டிஓ ஆபீஸ் இல்லை). வக்கீல் தேவையில்லை. எழுத முடியாதவர் இன்னொருவர் மூலமும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு வாங்கலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை அனுபவிக்கும் அல்லது அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். கைவிடுவதே குற்றம்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் பிரிவு 23 இருக்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கொடுத்ததாக இருக்க வேண்டும். அதனால் தானப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ எழுதும்போதே, "கடைசிவரை உணவு, இருப்பிடம், வைத்தியம் பார்க்க வேண்டும்" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிப் பத்திர எழுத்தரிடம் வற்புறுத்துங்கள். பிள்ளை முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். அந்தக் கூச்சத்தால் வாசலுக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு என் தங்கைதான் 14416-ஐக் கூப்பிட்டாள். அங்கே சொன்னபடி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மூன்றாவது வாரத்தில் தூக்கம் வந்தது. இன்னும் முழங்கால் வலிக்கிறது என்கிறார். அது மூட்டுத் தேய்மானம், நிஜ வலி. இப்போது காபி ஆறிவிட்டால் சூடு பண்ணிக் கொண்டுவரச் சொல்கிறார். காலண்டர் அட்டையில் இரண்டு எண்களையும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறோம். எதிர்வீட்டுத் தாத்தா வந்து பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனார்.