ஐந்தில் ஒரு விநாடி: கொரியாவின் யாங் டோங்-குன் வென்றது எப்படி?

யாங் டோங்-குன்னின் உயரம் 181 செ.மீ. 2 மீட்டர் உயரமுள்ள வெளிநாட்டு வீரர்கள் வளையத்தடியில் நிற்கும் கொரியத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் அவர் 2004 முதல் 2020 வரை உல்சான் மோபிஸ் என்ற ஒரே அணிக்கு பாயின்ட் கார்டாக (சுருக்கமாக கார்டு; பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) ஆடினார். 6 முறை சாம்பியன், 4 முறை எம்.வி.பி. (பருவத்தின் சிறந்த வீரர்). இந்த உயரத்தில் அது எப்படிச் சாத்தியம்? விடை அவரது வேகத்தில் இருப்பதாகப் பலர் நினைப்பார்கள். உண்மையில் அது பிரேக்கில் இருக்கிறது.

கண் பார்த்ததற்குக் கால் பதில் சொல்ல மனிதருக்கு ஏறக்குறைய 0.2 விநாடி பிடிக்கும். பந்தைத் தட்டிக்கொண்டு விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் கார்டு சட்டென்று நிற்கிறார் என்று வையுங்கள். தடுப்பவர் அதைக் கவனித்துத் தானும் நிற்கத் தொடங்குவதற்குள் 0.2 விநாடி போய்விடும். இருவரும் ஒரே வலுவில் நின்றாலும், தடுப்பவர் 1 மீட்டர் தாண்டிப் போய்த்தான் நிற்பார். நிம்மதியாகக் குதித்து ஷாட் அடிக்க அந்த 1 மீட்டர் போதும்.

நிற்பதில்தான் சிரமம். கடைசி இரண்டு அடிகளில் இடுப்பு தாழ வேண்டும், பாதம் உடலுக்கு முன்னே விழ வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். அந்த அடியில் காலில் ஏறும் விசை உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முழங்காலை விறைப்பாக நீட்டி நின்றாலோ, அது உள்பக்கம் சாய்ந்தாலோ, மூட்டுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழியக்கூடும். பல கார்டுகளின் ஆட்டவாழ்வை முடித்துவைத்த காயம் இது.

தனியாளாகப் பெற்ற 1 மீட்டரைப் பெரிதாக்கத்தான் 'பிக் அண்ட் ரோல்': உயர வீரர் ஒருவர் கார்டுக்காக வழிமறித்துவிட்டு, பிறகு வளையத்துக்கு ஓடும் இருவர் ஆட்டம். மோபிஸ் 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்ற காலத்தில் யாங்குக்கு இதில் துணை, 199 செ.மீ. உயர ரிக்கார்டோ ராட்லிஃப். உயர வீரர் வந்து, கார்டைத் தடுப்பவரின் பாதையில் சுவர்போல் நிற்பார், அதுதான் ஸ்கிரீன். கார்டின் தோள் அந்த உயர வீரரின் இடுப்பை உரசிக்கொண்டு போக வேண்டும். ஒரு ஆள் நுழையும் சந்து விட்டால் தடுப்பவர் புகுந்து வந்துவிடுவார். அதைவிட அதிகம் நடக்கும் தவறு அவசரம்: உயர வீரரின் இரு பாதங்களும் ஊன்றுமுன் கார்டு கிளம்பினால், உயர வீரர் நகர்ந்துகொண்டே தடுப்பவர்மீது மோதுவார். ஃபவுல், பந்து எதிரணிக்கு.

ஸ்கிரீனைத் தாண்டியதும் இரண்டு எதிராளிகள் ஒரு கார்டைப் பார்க்கிறார்கள். தடுப்பவர் ஸ்கிரீனுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்தால், 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்தே மூன்று புள்ளி ஷாட். எதிரணியின் உயர வீரர் வளையத்தை நோக்கிப் பின்வாங்கினால் நடுத்தூர ஷாட். அவர் கார்டை நோக்கி ஏறி வந்தால், வளையத்துக்கு ஓடும் தோழருக்கு பாஸ்.

பாஸுக்கும் கணக்கு உண்டு. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து 6 மீட்டர் கடக்க 0.6 விநாடி ஆகும். உதவிக்கு ஓடிவரும் எதிராளிக்கு அதில் 0.2 பார்ப்பதில் போனால், மீதி 0.4 விநாடியில் ஒன்றரை மீட்டர் நகர்ந்து கையையும் நீட்டுவார். ஆகவே பந்தின் பாதையிலிருந்து அவர் இரண்டரை மீட்டராவது தள்ளி இருக்கும்போதே எறிந்தாக வேண்டும். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து நிதானிக்க நேரமில்லை. தட்டிக்கொண்டிருக்கும் கையாலேயே, தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் தரையில் பட்டு எழும்படி தள்ளுவார்கள். உயரமானவர்களின் கை மேலே இருக்கும், கீழே இறங்க நேரமாகும்.

பந்து கைக்கு வந்ததிலிருந்து ஷாட்டுக்கு 24 விநாடிதான். அதில் 8 விநாடிக்குள் பாதிக்கோட்டைத் தாண்ட வேண்டும். முதல் ஸ்கிரீன் தோற்றால் இரண்டாவதற்கும் நேரம் மிச்சம் வைப்பவரே நல்ல கார்டு.

லீக்கில் 10 அணிகள், ஒரு பருவத்தில் 54 ஆட்டங்கள், ஒவ்வொரு அணியுடனும் 6 முறை. அதே தடுப்பாளர் ஆறு முறை பார்த்தால் தோள் அசைவைக்கூட மனப்பாடம் செய்துவிடுவார். நிற்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் அந்த 0.2 விநாடி கிடைக்கும்.

2007-ல் பட்டம் வென்ற கையோடு யாங் கட்டாய ராணுவ சேவைக்குப் போனார். ராணுவ விளையாட்டு அணியான சாங்முவில் இரண்டு ஆண்டுகள். திரும்பிய முதல் பருவத்திலேயே, 2010-ல், மோபிஸ் மறுபடி சாம்பியன். 2015, 2016 எம்.வி.பி. விருதுகளை வாங்கும்போது வயது 33, 34. அந்த வயதில் ஓட்டம் குறையும்; ஆனால் எப்போது நிற்பது என்று முடிவெடுப்பவர் முன்னால் ஓடுபவர்தான். பின்னால் வருபவருக்கு, வயது எதுவானாலும், 0.2 விநாடி பிந்தித்தான் தெரியும்.