ஆக்சிஜன் இருக்கும்போது பைபேப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

மறுபடியும் ஒரு பெரியவரை அரைமயக்கத்தில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். வருடக்கணக்கில் பீடி குடித்து சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர். மாஸ்க் வழியாக அழுத்தம் தந்து மூச்சுவிட உதவும் பைபேப் மெஷினை எழுதிக் கொடுத்திருந்தோம், அது அலமாரிக்குள் இருக்கிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மட்டும் நிமிடத்துக்கு 5 லிட்டரில் இரவெல்லாம் ஓடியிருக்கிறது. "ஆக்சிஜன் 98 காட்டுதே டாக்டர், அப்புறம் ஏன் எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேங்கிறார்?" என்கிறார் மகன்.

விரலில் மாட்டும் கருவிக்கு ஆக்சிஜன் அளவு மட்டும்தான் தெரியும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போவதை அது காட்டாது. அதற்கு மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து ஏபிஜி என்ற ரத்த வாயுப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்: இரண்டும் ஒன்றல்ல. கான்சன்ட்ரேட்டர் ஆக்சிஜனைத் தருகிறது, அவ்வளவுதான். பைபேப் தருவது அழுத்தம். மூச்சை இழுக்கும்போது கூடுதலாகவும் விடும்போது குறைவாகவும் அழுத்தம் கொடுத்து, களைத்துப்போன மூச்சுத் தசைகளின் பாரத்தை அது பாதி சுமக்கிறது. அப்போதுதான் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். ஆக்சிஜனை எவ்வளவு கூட்டினாலும் இந்த வேலை நடக்காது. இந்த நோயாளிகளுக்கு அளவு மீறினால் தேக்கம் இன்னும் மோசமாகும். அதனால்தான் இவர்களுக்கு விரல் கருவியில் 88 முதல் 92 வரை போதும் என்கிறோம். நூறைத் தொட வைக்கிறேன் என்று ஃப்ளோ மீட்டரைத் திருகாதீர்கள்! பயந்துபோய் ஆக்சிஜனைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. எழுதித் தந்த அளவில் அப்படியே வையுங்கள்.

உறவினருடைய சிபேப்பை இரவல் வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. அது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்பவர்களுக்கானது, ஒரே அழுத்தத்தில் ஓடுவது. உங்கள் அப்பாவுக்கு அது போதாது.

காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம், கை உதறல் என்று எது தெரிந்தாலும் காத்திருக்காமல் கூட்டி வாருங்கள்.

மாஸ்க் மூச்சு முட்டுகிறது என்றால் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் அளவு சரியாக இருக்காது, இல்லை பட்டையை இறுக்கியிருப்பீர்கள். கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். பகலில் டிவி பார்க்கும்போது கொஞ்ச நேரம் போட்டுப் பழகட்டும். சாப்பிடும்போதும் வாந்தி வரும்போதும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம், மாஸ்கில் உள்ள சின்னத் துளைகள் வழியாகக் காற்று வருவது பழுதல்ல. தயவுசெய்து பிளாஸ்திரி போட்டு அடைக்காதீர்கள். அவர் விடுகிற மூச்சு வெளியேறுவதே அந்தத் துளைகள் வழியாகத்தான்.