‘மன வரைபடம்’ வேண்டாம், கிளைப்படம் போதும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஆசிரியர் செயலமர்வு எதற்குப் போனாலும் ‘மன வரைபடம்’ காதில் விழுகிறது. தாளின் நடுவில் தலைப்பை எழுதி, அதைச் சுற்றி எண்ணங்களைக் கோடு கோடாக விரிக்கும் படம் அது. கட்டுரை எழுதமுன் பிள்ளைகள் அதைக் கீறிப் பழக வேண்டுமாம். நல்ல பழக்கம்தான். பெயர்தான் பிழை.

ஆங்கிலத்தில் ‘மைண்ட் மேப்’. இந்த முறையைப் பரப்பியவர் ஆங்கில எழுத்தாளர் டோனி புசான். 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக. சரி, வரலாறு இவ்வளவு போதும்.

தமிழில் மனம் நோகும், இளகும், உடையும். மனம் விட்டுப் பேசுவோம். ‘உன் மன வரைபடத்தைக் கீறு’ என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் கவலையைக் கீறச் சொல்கிறார்கள் என்றுதான் நினைக்கும். கட்டுரைக்கு முன் தாளில் இறக்குவது மனத்தை அல்ல, எண்ணங்களை. அடுத்தது ‘வரைபடம்’. அதைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது தேசப்படம்: திசை, அளவுத்திட்டம், எல்லைக்கோடு. இந்தத் தாளில் அவை ஒன்றுமே இல்லை.

சிலர் இதையே ‘எண்ணக்கரு வரைபடம்’ என்கிறார்கள். இது இன்னும் மோசம், ஏனென்றால் அது வேறொரு பொருளின் பெயர்: ஆங்கிலத்தில் ‘கொன்செப்ட் மேப்’. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் யோசப் நோவாக் 1970களில் உருவாக்கியது அது. அங்கே எண்ணக்கருக்கள் பெட்டிகளில் இருக்கும்; அவற்றை இணைக்கும் கோட்டின் மேல் உறவைச் சொல்லும் சொல் இருக்க வேண்டும்: ‘குளம்’, ‘வயல்’ இரண்டையும் இணைக்கும் கோட்டில் ‘நீர் பாய்ச்சுகிறது’ என்று எழுதவேண்டும். எந்தப் பெட்டியிலிருந்தும் எந்தப் பெட்டிக்கும் கோடு போகலாம்.

புசானின் படம் அப்படியல்ல. தாளைக் கிடையாகத் திருப்பி நடுவில் ‘இரணைமடுக் குளம்’ என்று எழுதுகிறோம். அதிலிருந்து வயல், மீன்பிடி, பறவைகள், வெள்ளம் என்று வளைந்த கோடுகள் கிளம்புகின்றன. வயலிலிருந்து காலபோகம், சிறுபோகம், வாய்க்கால். ஒரு கோட்டுக்கு ஒரு சொல். பெருங்கிளைக்கு ஒரு நிறம். அப்புறம் பெருங்கிளைகளுக்கு 1, 2, 3 என்று இலக்கம் போட்டால் பந்தி ஒழுங்கு வந்துவிடும். எழுதும்போது பிள்ளை வெள்ளத்திலிருந்து மீனுக்குத் தாவி மறுபடி வெள்ளத்துக்கு வராது.

இதைப் பார்த்தவர் எவருக்கும் ‘கிளை’ என்ற சொல் தானாக வாயில் வரும். மொழிபெயர்த்தவர் தாளைப் பார்க்காமல் அகராதியைப் பார்த்திருக்கிறார். ‘மைண்ட்’ என்றால் மனம், ‘மேப்’ என்றால் வரைபடம், வேலை முடிந்தது! நமது ஆசிரியர் கையேடுகள் பலவும் இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒட்டிய தமிழில்தான் வருகின்றன. படிக்கிற ஆசிரியர் அதை மனதுக்குள் ஆங்கிலமாக்கித்தான் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது ‘எண்ணக் கிளைப்படம்’. வகுப்பில் ‘கிளைப்படம்’ என்றாலே போதும். கணிதத்தில் வரும் மரவரிப்படத்தோடு குழம்பாதா என்று கேட்கலாம். குழம்பாது, அது நிகழ்தகவுப் பாடத்தில் வேறு பெயரோடு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘கிளைப்படம் கீறிவிட்டுக் கட்டுரையைத் தொடங்கு’ என்றால், அகராதி தேடாமலே பிள்ளை பேனையை எடுக்கும்.