இளவட்டக்கல்லும் ஜெர்ச்சர் ஸ்குவாட்டும்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். அறுவடை சமயத்தில் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். தவறாமல் ஜிம்முக்குப் போகிறவர். "தோள்ல கம்பி வச்சு உக்காந்து எந்திரிச்சு 100 கிலோ எடுக்கேன் சார். களத்துல நெல்லு மூடையத் தூக்குனா முதுகு பிடிச்சுக்கிடுது" என்றார்.

அவர் கால்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூடையோ, தண்ணீர் கேனோ, தூங்கிப்போன பிள்ளையோ, நாம் தூக்குவதெல்லாம் நெஞ்சுக்கு முன்னால்தான் வருகிறது. முன்னால் வரும் பாரம் ஆளைக் கூன வைக்கப் பார்க்கும். அதை எதிர்த்து நிமிர்த்தி வைப்பது மேல்முதுகும் வயிறும். அந்தப் பழக்கம்தான் அவருக்கு இல்லை.

முதலில் வலியைத் தணித்தோம். அப்புறம் ஜெர்ச்சர் ஸ்குவாட் சொல்லிக்கொடுத்தேன். 1930களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பளு தூக்கிய எட் ஜெர்ச்சரின் பெயரில் வழங்குவது. கம்பியை இரண்டு முழங்கை மடிப்பிலும் ஏந்தி, வயிற்றோடு அணைத்து உட்கார்ந்து எழ வேண்டும். பழைய முறையில் கம்பியைத் தாங்கி நிற்கும் ரேக் கிடையாது. தரையிலிருந்து கம்பியை எடுத்து, குந்தி, தொடைமேல் வைத்து, அடியில் கைகளை நுழைத்து எழுவார்கள்.

இதை அறிந்தபோது எனக்குப் பொங்கல் நேரத்தில் இளைஞர்கள் தூக்கிப் பலம் காட்டும் இளவட்டக்கல்தான் கண்முன் வந்தது. அதையும் குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தோளுக்கு அனுப்புகிறார்கள். கல்லை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தால் எழவே முடியாது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை.

வெறும் கம்பியே 20 கிலோ, அதிலேயே தொடங்குங்கள். மடிப்பில் அறுக்கும், ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். ரேக்கில் கம்பி தொப்புள் உயரத்தில் இருக்கட்டும். முழங்கைகள் விலாவை விட்டு விரியக் கூடாது. உட்காரும்போது அவை தொடைகளுக்கு நடுவே இறங்கும். 6 தடவை வீதம் 3 சுற்று போதும். மேல்முதுகு கூன ஆரம்பித்தால் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கால்களில் இன்னும் தெம்பு இருக்கும், அதை நம்பித் தொடர வேண்டாம்.

தோளில் எடுக்கிற எடை இதில் வராது. பலர் இதைத் தொடாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் 120 போடும்போது நாம் 40 போடக் கூச்சம். அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

ஜிம்முக்கு வராத பெரியவர்களுக்கும், நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் அக்காமாருக்கும் வேறு மாதிரி சொல்கிறேன்: 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கால் மரத்துப்போனாலோ, வலி முதுகிலிருந்து காலுக்கு இறங்கினாலோ, குடலிறக்கம் இருந்தாலோ, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ இது எதுவும் வேண்டாம்; முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அந்தத் தம்பி ஆறு வாரம் கழித்து வந்தார். 50 கிலோவுக்கு ஏறியிருக்கிறார். மூடையையும் இப்போது குனிந்து இழுக்காமல் குந்தி அணைத்துத்தான் தூக்குகிறாராம். முழங்கை மடிப்பில் கம்பி பட்ட சிவப்பு தெரிந்தது. துண்டு சுற்றச் சொல்லி அனுப்பினேன்.