காம்புக்குள் தயிர் ஏற்றாதீர்கள்

போன மாதம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மடி வீங்கிய ஒரு கலப்பினப் பசுவைப் பார்க்கப் போயிருந்தேன். (மடிநோய் என்றாலும் சரி, அகிடுவீக்கம் என்றாலும் சரி, இங்கே எல்லோருக்கும் புரியும்.) தொழுவத்தில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று கிடந்தது. "ஏனுங்க டாக்டர், தயிர்ல இருக்கற கிருமி கெட்ட கிருமியக் கொன்னுருமாமா, வாட்ஸப்புல வந்துச்சு" என்றார் வீட்டுக்கார அம்மா. காம்புத் துவாரம் வழியாகத் தயிரை ஏற்றியிருக்கிறார்கள்!

அந்தச் செய்தி முழுப்பொய் இல்லை, அதுதான் சங்கடம். பால் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் சில, போட்டிக்கு வருபவற்றை ஒழிக்கச் சின்னப் புரதங்களைச் சுரக்கும், அவைதான் பாக்டீரியோசின். 1928இலேயே கவனிக்கப்பட்ட நைசின் இதில் பிரபலம், வெறும் 34 அமினோ அமிலம். பாக்டீரியாவுக்கு வெளியே சுவர், உள்ளே மெல்லிய சவ்வு. சுவர் கட்டத் தேவையான கல்லைச் சவ்வைத் தாண்டிச் சுமந்து வருவது லிப்பிட் 2 என்ற மூலக்கூறு. நைசின் அதைத்தான் பிடிக்கிறது. சுவர் வேலை நிற்கும், அதோடு விடாமல் எட்டு நைசினும் நாலு லிப்பிட் 2ம் சேர்ந்து சவ்வில் சுமார் 2 நானோமீட்டர் ஓட்டை போட, பொட்டாசியம் முதற்கொண்டு உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து, சவ்வின் இரு பக்கத்துக்கும் இருந்த மின்னழுத்த வித்தியாசம் போய், ஆற்றல் உற்பத்தியே படுத்துவிடும். எல்லா பாக்டீரியோசினும் ஓட்டை போடுவதில்லை, கொலிசின் ஈ3 என்ற இன்னொன்று உள்ளே போய், புரதம் தயாரிக்கும் ரைபோசோமையே வெட்டும்.

சரி, மடிக்கு வருவோம். மடிநோய் பல கிருமிகளால் வரும். ஸ்டெபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்றால் நைசினுக்கு வழி உண்டு. ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் நைசின் லிப்பிட் 2 பக்கமே போக முடியாது. மடியைத் தொட்டுப் பார்த்து எது என்று என்னாலேயே சொல்ல முடியாது, பாலைச் சோதிக்க வேண்டும். பசுக்களில் சோதித்ததும் சுத்திகரித்த, அளவு தெரிந்த நைசினைத்தான். உங்கள் வீட்டு உறையில் நைசின் சுரக்கும் ரகம் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனால் ஈஸ்ட் இருக்கலாம், அது பாக்டீரியா இல்லை, பூஞ்சை; அதை நைசினும் ஒன்றும் செய்யாது, நான் போடும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்யாது.

அந்தப் பசுவின் பாலில் ஈஸ்ட்தான் வளர்ந்தது. ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு அடிக்கடி கறந்து கொட்டச் சொன்னேன். மூன்று காம்பில் பால் திரும்பிவிட்டது, தயிர் ஏற்றிய காம்பு வற்றிவிட்டது.