நிலை கோணிய ஜிப்ஸி

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆசைப்பட்டுப் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்று வாங்கினாராம், துணிக்கூரை போட்ட வகை. கதவுக்குக் கீழே எல்லாம் துரு. பட்டறையில் கதவுகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். திரும்ப மாட்டினால் ஓட்டுநர் பக்கக் கதவு மூடவில்லை. தூக்கிப் பிடித்து அறைந்தால்தான் லாக் விழுகிறது. "அதே கதவு, அதே கீல். பிறகு எப்படி சார்?" என்கிறார். சனிக்கிழமை இரும்பு வாங்கியதன் வினை என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டாராம்.

பெரியவரிடம் ஒன்று சொல்லுங்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியிருக்கிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். வாரத்துக்கு ஏழு கிழமை என்ற கணக்கு இந்த மண்ணுக்கு வந்தது அதற்கு எத்தனையோ காலம் கழித்துத்தான். கிழமை பார்க்காமலே உருக்கியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.

சரி, கதவுக்கு வருவோம். வீட்டுக் கதவு மூடவில்லை என்றால் தச்சர் முதலில் கதவையா பார்க்கிறார்? நிலையைப் பார்க்கிறார். ஜிப்ஸியிலும் அதேதான். முன்னால் கீல் மாட்டிய தூண், பின்னால் லாக் விழும் தூண், கீழே இரண்டையும் இணைக்கும் வாசற்படி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நிலை. இரும்புக்கூரை வண்டியில் மேலே ஒரு சட்டம் உண்டு. துணிக்கூரை வண்டியில் அது கிடையாது. ஆக நிலை கோணாமல் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் வாசற்படியின் தலையில்.

அந்த வாசற்படி கெட்டிக் கட்டை அல்ல. ஒரு மில்லிமீட்டர் சுமாருள்ள தகடுகளை மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) வைத்த பெட்டி. உள்ளே வெற்றிடம். நம் செம்மண் புழுதி உள்ளே போய், தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். தர்மபுரியில் மழையே இல்லையே, துரு எப்படி என்று கேட்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மண் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதைவிட மோசமானது இன்னொன்று: மண்ணுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, பக்கத்தில் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே தகட்டை ஒரு சிறு மின்கலம் ஆக்கிவிடும். அதில் கரைவது ஆக்சிஜன் குறைந்த பக்கம். அதனால்தான் பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஓட்டையாகிறது. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், விளிம்புத் தகடுகளுக்கு நடுவில் புகுந்து ஸ்பாட் வெல்டிங்குகளை ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்தும் விடும்.

ஒரு நிமிடம், இங்கே ஓர் ஆதங்கம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-ல் அடிக்கல் நாட்டினார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அங்கே துருவைப் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். ராக்கெட் விட்டால் டிவியில் காட்டுகிறோம். பாலத்துக் கம்பியைத் துருவிடமிருந்து காப்பாற்றியவரை யாருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால் நிதியில் பெரிய பங்கு இவர்களுக்குப் போக வேண்டும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். வயரிங் வேலைக்குப் போடும் பிவிசி பைப் ஓர் அடி எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனையையும் இரு கையால் பிடித்து, ஈரத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். அசையாது. இப்போது ஹேக்ஸா பிளேடால் அதன் நீளத்துக்கும் ஒரே ஒரு கீறல், இந்த முனை முதல் அந்த முனை வரை. பைப்பில் குறைந்தது பிளேடு கனமுள்ள தூள் மட்டும்தான். மறுபடி முறுக்குங்கள். துவண்டுவிடும்.

எங்கே போனது அந்த வலு? முறுக்கும்போது கீறலின் இரு உதடுகளையும் உற்றுப் பாருங்கள். ஒரு உதடு முன்னே வழுக்கும், மற்றது பின்னே வழுக்கும். முறுக்கம் என்பதே அந்த வழுக்கல்தான். கீறல் இல்லாத பைப்பில் வழுக்க இடமில்லை. ஒவ்வொரு துளியும் அடுத்த துளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சுற்றி வந்தால் கடைசித் துளி முதல் துளியின் கையைப் பிடித்திருக்கிறது. கும்மியடிக்கும் வட்டம்போல. முறுக்க வேண்டுமானால் பிளாஸ்டிக்கையே சாய்த்து இழுக்க வேண்டும், அது லேசில் நடக்காது. வட்டத்தில் ஒரு ஜோடிக் கை விட்டால் போதும், எல்லாக் கையும் வீண்.

பிரெட் என்ற ஜெர்மன் பொறியாளர் 1896-ல் இதற்குச் சூத்திரமே எழுதினார். மெல்லிய தகட்டுக் குழாய் முறுக்கத்துக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பது, அது சுற்றி வளைத்திருக்கும் பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. தகடு இருக்கட்டும், அது வளைத்திருக்கும் காலி இடமே வலுவாகிறது! பத்து சென்டிமீட்டர் சதுரம், ஒரு மில்லிமீட்டர் தகடு என்று கணக்குப் போட்டேன். மூடிய பெட்டி, கீறிய பெட்டியைவிட முறுக்கத்துக்கு 7,500 மடங்கு விறைப்பாக நிற்கிறது. இரண்டு தடவை சரிபார்த்தேன். வண்டியில் முனைகள் வேறு பாகங்களோடு பிணைந்திருப்பதால் இவ்வளவு வித்தியாசம் வராது. ஆனாலும் நம் வாசகரின் ஜிப்ஸிக்கு நடந்தது இதுதான். பட்டறையில் வாசற்படியை வெட்டித் திறந்த கணத்தில் கும்மி கலைந்துவிட்டது. ஜாக்கி ஏதோ ஒரு மூலையில் நின்றிருக்கும். வண்டி தன் எடையாலேயே கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. அந்தக் கோணலோடு புதுத் தகட்டை வைத்துப் பற்ற வைத்ததும், கோணலுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

வெல்டிங் தன் பங்குக்கும் இழுக்கும். சூடேறும் இரும்பு விரியப் பார்க்கும், பக்கத்துக் குளிர்ந்த இரும்பு விடாது. அதனால் தனக்குள்ளேயே நசுங்கி, ஆறும்போது முன்பைவிடக் குட்டையாகி இழுக்கும். ஒரே மூச்சில் நீளக் கோடு போட்டால் தூணையே சாய்த்துவிடும்.

கதவு இதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இரண்டு கீல்களுக்கும் இடையே 30 சென்டிமீட்டர், கதவின் நீளம் 90 என்று வையுங்கள். கீலில் ஒரு மில்லிமீட்டர் பிசகு, லாக் பக்கம் மூன்றாக வந்து நிற்கும்.

இப்போது என்ன செய்வது? முதலில் ஒரு சோதனை. சமதளத்தில் கதவு இடைவெளியை அளந்து குறியுங்கள். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் அரை அடிக் கல்லின் மேல் ஏற்றி நிறுத்தி மறுபடி அளங்கள். வத்தல்மலை ஏறும் வண்டி தினம் படும் பாடுதான் இது. இடைவெளி நன்றாக மாறினால், பெட்டி இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். புதுத் தகட்டை வெளியே மட்டும் அங்கங்கே ஒட்டி, மேலே பட்டி பூசியிருப்பார்கள். பட்டி கண்ணுக்குத்தான் தகடு, அது யார் கையையும் பிடிக்காது. சுரண்டிவிட்டு விளிம்புகளை முழுக்கச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடைவெளி மாறவே இல்லையா? அப்படியானால் பெட்டி கெட்டியாக மூடியிருக்கிறது, தப்பான வடிவத்தில். இறக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்றால், கீழ்க்கீலுக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய தகட்டு வாஷர் வையுங்கள். கதவின் அடி பின்னே தள்ளப்பட்டு, லாக் பக்கம் மேலே எழும். அதற்கு மேல் இறங்கியிருந்தால் திரும்ப வெட்டத்தான் வேண்டும். இந்த முறை வண்டி நாலு சக்கரத்தில் நிற்கட்டும். வாசலுக்குக் குறுக்கே, கதவு மூட இடம் விட்டு உள்பக்கமாக, சதுரக் குழாய் பற்றவைத்து முட்டுக் கொடுங்கள். கார் வாசல் நீள்சதுரம் இல்லை, அதனால் மூலைக்கு மூலை குறுக்களவை மறுபக்க வாசலோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் முடியாமல் மறுபக்கம் கை வைக்கக் கூடாது. கதவு மாட்டியே இருக்கட்டும், புது ரப்பர் பீடிங்கோடு. நாலு புள்ளி பற்றவைத்ததும் ஒரு தடவை மூடிப் பார்த்து, மூடினால் அடுத்த நாலு. மட்கார்டைக் கடைசியில் கதவுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம், அதற்கு இடமிருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் வாசற்படிக்கு அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். புதுத் தகட்டில் அவற்றைப் போட மறந்துவிடுவார்கள். என் வண்டிக்கு மறந்துவிட்டார்கள்.