சொல் விளக்கம்: கந்தக (அகழி, கிடங்கு)

திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை மதிலை ஒட்டிய ஆழ்பள்ளத்தைக் கன்னடத்தில் 'கந்தக' என்பார்கள். வெடிமருந்தில் சேரும் கந்தகத்துக்கும் இதற்கும் உறவில்லை. தோண்டுவதைக் குறிக்கும் பாரசீக வினையில் பிறந்து, அரபியில் 'கந்தக்' என்று வழங்கி, தக்காணத்துக் கோட்டைகள் வரை வந்த சொல் இது. கி.பி. 627இல் மதீனாவைக் காக்கப் பள்ளம் வெட்டச் சொன்னவர் பாரசீகரான சல்மான் என்பது இஸ்லாமிய மரபு. அந்தப் போரைத் தமிழ் முஸ்லிம்கள் 'அகழ்ப்போர்' என்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர்ப்பு கிடையாது.

அகழ் என்றாலும் தோண்டுதான்; அதிலிருந்து அகழி. மதுரைக் கோட்டையின் காவலைச் சொல்லும் சிலப்பதிகாரம் 'கிடங்கு' என்கிறது. இன்று கிடங்கு என்றால் நெல் மூட்டைதான் நினைவுக்கு வரும், ஆகவே 'கந்தக' என்பதைத் தமிழில் பெயர்க்க அகழியே தெளிவு.

தண்ணீர் நின்றால்தான் அகழி என்பதில்லை. ஏணியை மதிலில் சாத்தவிடாமல் தடுப்பதும், சுரங்கம் தோண்டி வருபவனை ஆழத்தால் மறிப்பதும் அதன் வேலை. வெட்டிய மண்ணே மதிலுக்குப் பின்னால் மேடாகி பீரங்கிகளைத் தாங்கும். உட்கரைக்குக் கல் கட்டாவிட்டால் ஈரம் ஊறி மதிலின் அடி சரியும். மதிலின் கீழ்ப்பகுதியைக் குண்டுகள் தகர்த்தால் மேற்பகுதி அகழிக்குள் விழும். அந்த இடிபாடே எதிரி ஏறிவரும் சரிவாகிவிடும்.

ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரித் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறே அரண். 1791இல் மழையும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து பிரிட்டிஷ் தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் படையைத் திருப்பி அனுப்பின. ஆனால் கோடையில் காவிரி வற்றிவிடும். 1799 மே 4 நண்பகல் தாண்டியதும் பிரிட்டிஷ் படை பாறைகள் தெரிந்த ஆற்றை நடந்தே கடந்து, வடமேற்கில் உடைத்த மதில் வழியே ஏறியது. மேலே போனபின்தான் உள்ளே இன்னொரு மதிலும் அதற்கு முன்னே ஓர் அகழியும் இருப்பது தெரிந்தது. உண்மையான தடை அதுதான். வேலையாட்கள் நடப்பதற்கு விட்டிருந்த ஒடுங்கிய வழியொன்று அகப்பட்டதால் அதையும் தாண்டினார்கள்.

எனவே மதிலோரம் ஓடும் காவிரியை அகழி என்று எழுதக் கூடாது, அது ஆற்றரண். முற்றுகையிட்டவர்கள் தங்களை மறைத்துக்கொள்ள வெட்டியதும் அகழி ஆகாது, அது பதுங்குகுழி.